இமைகளைப் பார்த்த காலம்

அரசு மருத்துவமனையின் தோல் பிரிவில்தான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடைப்பட்ட மேட்டுக்காட்டுச் சீமை. படர்தாமரை, சொறி, சிரங்கு, வெண்புள்ளி, பித்தவெடிப்பு என்று ஓ.பி. திறக்கும் முன்பே வரிசை நின்றுவிடும். அத்தனை பேருக்கும் சீட்டுப் பார்த்து, மருந்து எடுத்துக் கொடுத்து, புண் கழுவிக் கட்டியிருக்கிறேன். ஆனாலும் தோல் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது கண்ணைச் சுற்றியிருக்கும் அந்தச் சிறு வட்டம்தான். உடம்பில் வேறெந்த இடத்தையும் அவ்வளவு உற்றுப் பார்க்க நான் பழகவில்லை.

பழக்கியவர் எங்கள் டாக்டரம்மா. நோயாளி உட்கார்ந்ததும், எங்கே அரிப்பு, எத்தனை நாளாக என்று கேட்பதற்கு முன்பே ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்வார். கண்ணை மூடச் சொல்வார். மேல் இமையைப் பார்ப்பார், பிறகு கீழ் இமையை, பிறகு இரண்டும் சேரும் ஓரத்தை. அதற்குள் அவருக்குப் பாதி விஷயம் தெரிந்திருக்கும். காலையில் எழுந்ததும் இமை வீங்கி மதியத்துக்குள் வடிந்துவிடும் குழந்தை என்றால் சிறுநீர்ப் பரிசோதனைக்குச் சீட்டு எழுதிவிடுவார். சிறுநீரகத்தில் புரதம் ஒழுகினால் அது முதலில் தெரிவது அங்கேதான். மூக்கோரத்து இமையில் மஞ்சளாகச் சிறு திட்டு படிந்திருந்தால் ரத்தத்தில் கொழுப்பு எவ்வளவு என்று பார்க்கச் சொல்வார். மேல் இமையில் ஊதா நிறம் ஏறி, மாடிப்படி ஏற முடியவில்லை என்று ஒரு பெண் வந்தபோது அன்றைக்கே மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார். தசையைத் தாக்கும் நோய் அது.

அந்த இடத்துக்கு ஏன் இத்தனை தெரிகிறது என்றால், அங்கே மறைக்க எதுவும் இல்லை. இமைத்தோலின் கனம் அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. உரித்த வெங்காயத்தின் அடுக்குகளுக்கு நடுவே இருக்கும் ஜவ்வை நினைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அப்படித்தான். அடியில் கொழுப்பு இல்லை. எண்ணெய்ச் சுரப்பிகள் குறைவு. ரத்தக்குழாய்கள் மேலேயே ஓடுகின்றன. உள்ளங்கையில் பட்டால் ஒன்றும் செய்யாத பொருள் இங்கே பட்டால் உடனே உள்ளே இறங்கிவிடும். இவ்வளவு மெல்லிய தோல் நிமிஷத்துக்குப் பதினைந்து தரமாவது மடங்கி விரிகிறது. நாம் தூங்கும்போது மட்டுமே அதற்கும் ஓய்வு.

தாராபுரம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். ஐம்பதைக் கடந்தவர். நல்ல உழைப்பாளி என்பது தோளைப் பார்த்தாலே தெரியும். ஆனால் முகம் மட்டும் வேறு யாருடையதோ என்று நினைக்கும்படி இருந்தது. இரண்டு இமைகளும் தடித்துக் கறுத்து, ஒவ்வொரு மடிப்பிலும் கோடு விழுந்து, கண் பாதிதான் திறந்தது. கழுத்து மடிப்பிலும் முழங்கை மடிப்பிலும் அதே தடிப்பு. முதலில் கண் நோய் என்று கண் மருத்துவமனைக்குப் போயிருக்கிறார். பிறகு மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஒரு டியூப். பிறகு யாரோ வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போடச் சொல்லி, அதில் தோல் இன்னும் வெந்துபோயிருந்தது.

"வெயில் ஒத்துக்கலீங்க டாக்டரம்மா. தோட்டத்துக்குப் போனாவே முகம் எரியுதுங்க. சால்வையப் போத்திக்கிட்டுத்தான் தண்ணி பாய்ச்சறனுங்க."

டாக்டரம்மா அவரை அண்ணாந்து பார்க்கச் சொன்னார். தாடைக்கு அடியில் டார்ச் அடித்தார். காதுமடலை முன்னால் மடக்கிப் பின்புறம் பார்த்தார். பிறகு கண்ணை மூடச் சொல்லி, மேல் இமையின் மடிப்பை விரலால் மெதுவாக விரித்தார். மூன்று இடத்திலும் தோல் கெட்டிருந்தது.

"வெயில் படற இடமா இதெல்லாம்? தாடைக்கு அடியில நிழல். காதுக்குப் பின்னால நிழல். கண்ணைத் திறந்துட்டா இமை மடிப்புக்குள்ளயும் நிழல்தான். வெயில்னா இந்த மூணையும் விட்டுருக்கும். இது காத்துல வர்றது."

அந்த நிமிஷம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. வெயிலுக்கு ஒளியத் தெரிந்த இடங்களால் காற்றுக்கு ஒளிய முடியாது. அதற்குப் பிறகு முகம் கறுத்துச் சிவந்து யார் வந்தாலும் என் கை தானாக அவர்கள் தாடையை நிமிர்த்தியது.

முதுகில் பேட்ச் டெஸ்ட் வைத்தோம். சிறு சிறு அலுமினியக் குப்பிகளில் சந்தேகப்படும் பொருள்களை இட்டு, மேல்முதுகில் பிளாஸ்திரி போட்டு ஒட்ட வேண்டும். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வியர்க்கக் கூடாது, குனிந்து வேலை செய்யக் கூடாது. விவசாயியிடம் இதைச் சொல்வது எளிதல்ல. "மாட்டுக்குத் தட்டு யாருங்க போடுவாங்க?" என்று கேட்டார். வீட்டம்மா போட்டுக்கொள்வதாகச் சொன்ன பிறகே சம்மதித்தார். பிரிக்கும்போது வரிசையில் மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்க, ஓரிடத்தில் மட்டும் தோல் சிவந்து மேடிட்டுச் சிறு கொப்புளம் வைத்திருந்தது. மறுபடி ஒருமுறை பார்த்தபோது அது இன்னும் ஏறியிருந்தது. பார்த்தீனியம்.

அவர் நம்பவில்லை. "அந்தச் செடிய நான் கையால தொட்டதே இல்லீங்க அம்மிணி. ஆடுகூட அதத் தின்னாதுங்களே" என்று என்னிடம் வந்து சொன்னார். தொட வேண்டியதில்லை. காய்ந்த இலைத் துணுக்கும் தண்டின் மேலுள்ள மெல்லிய மயிர்களும் பூத்தூளும் காற்றில் கலந்து வரும். பார்த்தீனின் என்ற வேதிப்பொருள் அவற்றில் இருக்கிறது. எங்கெல்லாம் தோல் மெல்லியதோ, எங்கெல்லாம் மடிப்பில் தூசி தங்குமோ, அங்கே அது வேலையைக் காட்டும். முதல் இடம் இமை.

அந்தச் செடி இந்த மண்ணில் பிறந்ததே இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் செடி. பஞ்ச காலத்தில் பி.எல். 480 திட்டத்தில் கப்பலில் வந்த கோதுமையோடு விதையும் வந்ததாகப் பரவலாகச் சொல்வார்கள். 1955இல் புனேயில் கண்டு பதிவுசெய்தார்கள். அதற்குப் பிறகு அது போகாத இடமில்லை. ஒரே செடி ஆயிரக்கணக்கில் விதை போடும். கர்நாடகத்தில் காங்கிரஸ் செடி என்பார்கள், எங்கள் பக்கம் விஷச்செடி. மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்த, அதைத் தின்னும் ஒரு வண்டை 1984இல் பெங்களூரில் விட்டார்கள். மழைக்காலத்தில் அந்த வண்டு இலையை அரித்துத் தின்பதை எங்கள் ஆஸ்பத்திரி மதிலோரத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் வண்டு தின்னும் வேகத்தைவிடச் செடி முளைக்கும் வேகம் அதிகம்.

அவருக்கு மாத்திரை எழுதினார் டாக்டரம்மா. உடம்பின் எதிர்ப்பை அடக்கும் மாத்திரை. ரத்தம் சோதித்துச் சோதித்துத்தான் கொடுக்க வேண்டும். இமைக்கு மிதமான ஒரு களிம்பு, அதுவும் சில நாளைக்கு மட்டும். இதெல்லாம் சீட்டில் இருந்தது. சீட்டில் இல்லாததை நான் அவர் வீட்டம்மாவிடம் உட்கார்ந்து பேசினேன். துணியை எங்கே காயப்போடுகிறீர்கள் என்று கேட்டேன். வேலியோரக் கயிற்றில் என்றார். வேலி முழுக்க அந்தச் செடி. தலையணை உறை, துண்டு, வேட்டி எல்லாம் அந்தத் தூசியை உறிஞ்சி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. ராத்திரி முழுக்க அவர் முகத்தை அதில் வைத்துப் படுத்திருக்கிறார். தோட்டத்துச் சாளையில் கயிற்றுக்கட்டிலில் படுப்பது வேறு.

துணி வீட்டுக்குள் கொடியில் காய ஆரம்பித்தது. தோட்டத்திலிருந்து வந்ததும் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டு, கட்டியிருந்த துணியை வாசலிலேயே ஊறவைத்துவிட்டு உள்ளே வரப் பழகினார். வீட்டைக் கூட்டுவதற்குப் பதில் ஈரத்துணியால் துடைத்தார்கள். மகன்கள் வேலியோரச் செடியை மழை ஈரத்தில் வேரோடு பிடுங்கிக் குழியில் போட்டு மூடினார்கள். கொளுத்த வேண்டாம், புகையிலும் அது வரும் என்று சொல்லியிருந்தேன். சில மாதத்தில் இமை மெல்ல மெல்லப் பழைய கனத்துக்கு வந்தது. முழுதும் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு ஐப்பசி மழைக்குப் பிறகும் கொஞ்சம் கிளம்பும், அவரும் வருவார். ஆனால் கண்ணைத் திறந்து எதிரில் இருப்பவரைப் பார்த்துப் பேசினார். பக்கத்துக் காட்டுச் செடிக்கு அவர் என்ன செய்ய முடியும்?

கண்ணைச் சுற்றி வரும் கோளாறுக்குக் காரணம் பெரும்பாலும் அங்கே இருப்பதில்லை என்பதை அவரிடம்தான் நான் முழுதாகப் புரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அது திரும்பத் திரும்ப உறுதிப்பட்டது. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இமை மட்டும் செதில் செதிலாக உரிந்து வந்தார். கண் மை மாற்றினார், சோப்பு மாற்றினார், கண்ணாடிச் சட்டத்தைக்கூட மாற்றிவிட்டார். டாக்டரம்மா அவருடைய கைகளை மேசைமேல் வைக்கச் சொன்னார். அழகான சிவப்பு நகப்பூச்சு. விரலில் ஒரு கோளாறும் இல்லை. அங்கே தோல் கெட்டி. ஆனால் விடைத்தாள் திருத்தும்போது கன்னத்தில் கைவைத்து, அப்படியே இமையைத் தேய்ப்பது அவர் வழக்கம். நகப்பூச்சில் இருக்கும் ஒருவகைப் பிசின் அதற்குப் போதும். பூச்சை நிறுத்தினார், சில வாரத்தில் சரியாயிற்று. இன்னொரு நாள் ஒரு பெரியவர் இரண்டு கண்ணும் திறக்க முடியாமல், மருமகள் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். பேத்தி கல்யாணத்துக்காக முந்தின நாள் தலைக்குக் கறுப்புச் சாயம் பூசியிருக்கிறார். சாயம் பட்டது முடியில். வீக்கம் இறங்கியது இமையில். பாவம், முகூர்த்தத்தைக் கண்ணால் பார்க்க முடியாமல் போய்விடுமோ என்று அவருக்கு ஒரே கவலை. ஊசி போட்டு, குளிர்ந்த தண்ணீர்த் துணி வைத்து, மறுநாள் சாயங்காலத்துக்குள் ஓரளவு திறந்தது. வெங்காயம் நறுக்கிய கை, மிளகாய் கிள்ளிய கை, பூச்சிமருந்து கலக்கிய கை எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் கண்தான். ஒரு நாளில் எத்தனை தரம் கண்ணைத் தொடுகிறோம் என்று நமக்கே தெரியாது.

எங்கள் அம்மிச்சிக்கு இது தெரிந்திருந்தது. படிக்காதவர். ஆனால் கண்ணுக்கு மை வைப்பதற்கு முன்னால் சீயக்காய் போட்டுக் கை கழுவுவார். மையும் அவரே செய்தது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் வெள்ளைத் துணியை நனைத்து நிழலில் காயவைப்பார். மறுபடி நனைப்பார், மறுபடி காயவைப்பார். அதைத் திரியாகத் திரித்து, விளக்கெண்ணெய் ஊற்றிய அகலில் ஏற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்துவிடுவார். காற்றாடாத மூலையில் ராத்திரி முழுக்க எரியும். விடிந்ததும் தட்டில் படிந்த கரியை வழித்து, சொட்டு விளக்கெண்ணெய் விட்டுக் குழைத்து, சின்ன வெள்ளிச் சிமிழில் அடைப்பார். மோதிர விரலால்தான் வைப்பார். ஆட்காட்டி விரலுக்குப் பலம் அதிகம், கண்ணுக்கு ஆகாது என்பது அவர் கணக்கு. இன்றைக்கு அழகுநிலையங்களிலும் அதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். ராத்திரி படுக்கும் முன் தேங்காய் எண்ணெயைப் பழைய மல்துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து மூக்குப் பக்கமாக ஒத்தி ஒத்தி எடுத்துவிடுவார். தேய்க்க விடமாட்டார். அந்த ஒத்தி எடுப்பதை இன்றுவரை என் கன்னத்தில் உணர முடிகிறது.

அம்மிச்சியின் மேல் எனக்கு எவ்வளவு மரியாதை இருந்தாலும், ஆஸ்பத்திரியில் பச்சைக்குழந்தையின் கண்ணுக்குள் மை வைக்க வேண்டாம் என்றுதான் சொன்னேன். விளக்குக் கரியில் ஈயம் கிடையாது என்றாலும் விரலில் கிருமி இருக்கும். கடையில் சுர்மா என்று விற்கும் கல்மை வேறு. அது பல சமயம் ஈயக் கனிமத்தையே பொடித்தது, குழந்தையின் ரத்தத்தில் ஏறிவிடும். பிறந்த குழந்தைகள் பலருக்குக் கண்ணீர் வடியும் குழாய் மூக்கில் இன்னும் திறந்திருக்காது. பீளை கட்டிக்கொண்டே இருக்கும். மை வைத்தால் சுத்தமாகிவிடும் என்று பாட்டிமார் வைப்பார்கள், இன்னும் அடைக்கும். கண்ணின் உள்மூலையில் சுத்தமான விரலை வைத்து மூக்கோரமாகக் கீழே அழுத்தி நீவச் சொல்லிக்கொடுப்போம். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் தானே திறந்துவிடும். ஆனால் பாட்டியின் கையிலிருந்து சிமிழைப் பிடுங்கக் கூடாது. "ஆத்தா, கன்னத்துல பெருசா ஒரு பொட்டு வைங்க, உள்ளங்கால்ல ஒண்ணு வைங்க, திருஷ்டி அங்கயே நின்னுக்கும்" என்பேன். பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். குழந்தையைக் காப்பாற்றத்தானே அவர்களும் மை வைக்கிறார்கள்.

இமை எதற்காக இருக்கிறது என்பதை எனக்குக் காட்டியவர் ஒரு மாடு மேய்ப்பவர். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் தொழுநோய்க்குப் பன்மருந்துச் சிகிச்சை மாவட்டம் மாவட்டமாக வந்துகொண்டிருந்த காலம். 1980களின் தொடக்கத்தில் அந்த மருந்து வந்தபிறகுதான் நோய் முழுதும் குணமாக ஆரம்பித்தது. அவருக்கும் நோய் குணமாகியிருந்தது. ஆனால் அதற்குள் முக நரம்பு கெட்டு, ஒரு கண்ணின் இமை முழுதாக மூடாது. புருவமும் இமைமயிரும் எப்போதோ உதிர்ந்துவிட்டன. கருவிழியில் உணர்ச்சி மங்கிப் போனதால் தூசி விழுந்தாலும் தெரியாது. மூடாத கண் ராத்திரியில் உலர்ந்து, புண்ணாகி, பார்வையே போய்விடும்.

அவருக்கு நாங்கள் சொல்லிக்கொடுத்தது இரண்டு வேலை. ராத்திரி படுக்கும்போது கண்ணில் களிம்பு விட்டு, துவைத்த மெல்லிய துணியைக் கண்ணுக்குமேல் கட்டிக்கொள்வது. பகலில் நினைத்து நினைத்து இமைப்பது. எல்லாருக்கும் தானாக நடப்பதை அவர் வேலையாகச் செய்ய வேண்டும்; அழுத்தி மூடினால் அவர் இமை ஏறக்குறைய சேரும். எதையாவது அடையாளம் வைத்துக்கொண்டால் மறக்காது என்றார் டாக்டரம்மா. அவர் யோசித்து, "செவலையோட மணி அடிக்கறப்பெல்லாம் மூடறனுங்க" என்றார். அடுத்தமுறை வந்தபோது கண் தெளிவாக இருந்தது. எங்கள் மேசையில் இருந்த சிறு கண்ணாடியைக் கேட்டு வாங்கி, சிவப்பு இருக்கிறதா என்று தானே பார்த்துச் சொன்னார். கீழ் இமையில் கண்ணீர் வழிந்து வழிந்து தோல் புண்ணாகாமல் இருக்கத் துடைக்காமல் ஒத்தி எடுக்க வேண்டும் என்றதையும் விடாமல் செய்திருந்தார். கண்ணைப் பேணுவது என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த முழு அர்த்தம் அவர்தான். ஊருக்குள் அவருக்கு ஒரு டீக் கிளாஸ் தனியாக வைத்திருந்தார்கள். அதைப் பற்றி ஒருநாளும் அவர் வாய்திறக்கவில்லை. நான் இன்றும் ஆறாமல் இருப்பது அதற்குத்தான்.

இதையெல்லாம் பார்த்துக் கொண்டிருந்த எனக்கு, என் அண்ணன் மகள் கருவளையத்துக்காக அழுதபோது முதலில் சட்டென்று பதில் சொல்ல வரவில்லை. அவள் திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் கணக்கு வேலை பார்த்தாள். பெண் பார்க்க வந்த இடத்தில், பிள்ளை வீட்டு அம்மாள் ஒருத்தி, "பொண்ணு ராத்திரியெல்லாம் தூங்காதோ?" என்று கேட்டுவிட்டாள். அந்த ஒரு கேள்வி அவளைக் கண்ணாடி முன்னால் உட்காரவைத்துவிட்டது. எலுமிச்சைச் சாறு, உருளைக்கிழங்கு, பற்பசைகூட. பிறகு தோழி சொன்னாள் என்று ஒரு டியூப். மெடிக்கல் ஷாப்பில் சீட்டுக் கேட்காமல் கொடுத்துவிட்டார்கள்.

டியூபைக் காட்டியபோது எனக்குப் பகீரென்றது. நிறத்தைக் குறைக்கும் ஹைட்ரோகுவினோன், தோலை உரிக்கும் ட்ரெட்டினாயின், கூட ஒரு ஸ்டீராய்டு. மூன்றும் சேர்ந்த கலவை. மங்குவுக்கு மருத்துவர் பார்த்துச் சில வாரம் கொடுப்பார். இமையில் பூசுவதற்கு அல்ல. முதலில் பளிச்சென்று வெளுத்திருக்கிறது. அதனால்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். ஸ்டீராய்டு ரத்தக்குழாயைச் சுருக்கி, சிவப்பை அடக்கி, தோல் அழகாகிவிட்டதாகக் காட்டும். நாளாக ஆகத் தோல் இன்னும் மெலியும், குழாய்கள் வெளியே தெரியும். அதற்குப் பிறகு நடப்பதை அவளே சொன்னாள்: "நிறுத்துனா எரியுது அத்தை, போட்டாத்தான் அடங்குது."

டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனேன். அவர் கீழ் இமையை இலேசாக இழுத்துப் பார்த்தார். இழுக்கும்போது நிறம் கூடினால் அடியில் ஓடும் ரத்தக்குழாய் காரணம். அப்படியே இருந்தால் தோலின் கறுப்பு. பிறகு முகத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு அண்ணாத்தச் சொன்னார். பாதிக் கருமை காணாமல் போயிற்று. அது நிழல். கன்னமும் கீழ் இமையும் சேருமிடத்தில் எலும்பு கொஞ்சம் உள்வாங்கியிருப்பதால் விழும் நிழல். என் அம்மாவுக்கு அதே; அண்ணனுக்கும் எனக்கும் அதே. எங்கள் வீட்டு முகம் அது. எந்த டியூபாலும் நிழலை வெளுக்க முடியாது. மீதிப் பாதி ரத்தசோகையும், கம்ப்யூட்டர் முன்னால் கண் உறுத்தும்போதெல்லாம் தேய்த்ததும், தேய்த்த இடத்தில் கறுப்பு ஏறியதும்.

கண் பிரிவில் அழுத்தம் பார்க்கச் சொன்னார். இமையில் பூசும் ஸ்டீராய்டு கண்ணுக்குள்ளும் போய் அழுத்தத்தை ஏற்றும். கவனிக்காமல் விட்டால் பார்வை நரம்பையே கெடுக்கும், கண்புரையும் வரும். அவளுக்குச் சற்றே ஏறியிருந்தது, நிறுத்தியபின் இறங்கிவிட்டது. நிறுத்திய முதல் வாரங்கள் கொடுமை. இமை சிவந்து வீங்கி அவள் வேலைக்கே போகவில்லை. என் வீட்டில்தான் வைத்திருந்தேன். குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மல்துணி, வாசனை கலக்காத வாசலின் கடுகளவு, இரும்புச் சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, வெளியே போனால் அகலக் கண்ணாடி. வேறொன்றும் இல்லை. எதையாவது போடச் சொல்லுங்கள் அத்தை என்று கெஞ்சுவாள். போடாமல் இருப்பதுதான் வைத்தியம் என்பதை ஒரு வலியில் இருக்கும் பெண்ணுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். கூடவே இருந்து துணியை நனைத்து மாற்றிக்கொண்டே இருந்தேன்.

2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மேற்பூச்சுகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. தோல் மருத்துவர் சங்கம் பல ஆண்டு போராடி வாங்கியது அது. பட்டியல் இருக்கிறது, கவுண்டரில் பெயரைச் சொன்னால் இன்னும் பல இடங்களில் டியூபும் கிடைக்கிறது. பெண்ணின் கண்ணுக்கு அடியில் இருக்கும் நிழலை ஒரு குறையாகப் பேசுகிறவர்கள் இருக்கும்வரை அதை வாங்குகிறவர்களும் இருப்பார்கள். அண்ணன் மகளுக்கு அந்தச் சம்பந்தம் அமையவில்லை. பிறகு வந்த பிள்ளை அவள் முகத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை, எந்த ஊரில் வேலை பார்க்க விருப்பம் என்று மட்டும் கேட்டான்.

ஓய்வுபெற்று ஊரோடு வந்துவிட்டேன். ஏரிக்கரையிலும் ரோட்டோரத்திலும் மழைக்குப் பிறகு பார்த்தீனியம் இடுப்புயரம் நிற்கிறது. நூறு நாள் வேலையில் பெண்களை விட்டுத்தான் அதைப் பிடுங்கச் சொல்கிறார்கள். வெறுங்கை. வியர்வையை முந்தானையாலும் அதே கையாலும் கண்ணிலிருந்து துடைத்துக்கொண்டு பிடுங்குகிறார்கள். பிடுங்கியதைக் குவித்துக் கொளுத்துவதும் உண்டு. அவர்களில் இரண்டு பேரின் மேல் இமை தடிக்க ஆரம்பித்திருப்பதை நடந்து போகும்போதே பார்த்தேன். ஒருத்தியை நிறுத்தி, தாடையை நிமிர்த்திப் பார்த்தேன். அடியிலும் இருந்தது. "வெயிலுங்க்கா" என்றாள்.

கையுறை கேட்டு எழுதிக்கொடுத்தோம். ரொம்ப நாள் கழித்து ஒரு மூட்டை வந்தது. ஆண்கள் கைக்கான பெரிய ரப்பர் உறை. பெண்கள் போட்டால் விரல்நுனி மடங்கிச் செடித்தண்டு பிடியில் நிற்பதில்லை. கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் பிடுங்கினார்கள். இப்போது மறுபடி எழுதியிருக்கிறேன். சின்ன அளவில் கையுறை; வேலை நடக்குமிடத்தில் சோப்பும் ஒரு டிரம் தண்ணீரும்; பூக்கும் முன்பே, மண் ஈரமாக இருக்கும்போதே பிடுங்கும்படி வேலையை முன்னால் வைப்பது; ஒவ்வாமை வந்தவர்களுக்கு அந்த வேலை வேண்டாம், வேறு வேலை; கொளுத்தவே கூடாது. இமை தடித்திருக்கும் அந்த இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை மனுநாள். காலை முதல் பஸ்ஸிலேயே மூவரும் கலெக்டர் ஆபீசுக்குப் போகிறோம்.